பாயிண்ட் கார்டை எடைபோடுவது எப்படி?

(பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களும் வீரர், வீராங்கனைகளும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்க்கும் இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வாதம் தவறாமல் எழும். கிறிஸ் பால் பெரியவரா, ஸ்டீபன் கர்ரி பெரியவரா? ஸ்டீவ் நாஷை ஜேசன் கிட்டுக்கு மேலே வைக்கலாமா? ஒருவர் அசிஸ்ட் கணக்கை எடுத்துப் போடுவார். இன்னொருவர் கோப்பைகளை எண்ணுவார். மூன்றாமவர், “அவருக்குத் தடுப்பாட்டமே வராதே” என்று ஒரே வார்த்தையில் ஆளையே கவிழ்த்துவிடுவார். வாதம் சூடாக இருக்கும். ஆனால் மூவரும் வெவ்வேறு தராசில் நிறுத்துகிறார்கள் என்பதால் எந்த முடிவும் கிடைக்காது.

எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு தராசு வேண்டும். நான் முன்வைக்கும் தராசு இதுதான். பாயிண்ட் கார்டின் பலத்தை அவரிடம் தேடுங்கள். அவருடைய குறையை, உடன் ஆடும் நான்கு பேரிடம் தேடுங்கள். குறையே இல்லாத பாயிண்ட் கார்டு இதுவரை ஆடியதில்லை. அந்தக் குறையை மூடுவதற்கு அணி என்ன விலை கொடுத்தது, அந்த விலை அணிக்குக் கட்டுப்படியானதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் வேலை என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். பந்தை மேலே கொண்டுபோகிறவர் என்று பாயிண்ட் கார்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அது வேலையின் தொடக்கம் மட்டுமே. என்.பி.ஏ.வில் ஓர் அணி பந்தைப் பெற்ற 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். 1954இல் வந்த விதி அது. இன்றைய விதிப்படி, அதில் முதல் 8 நொடிக்குள் நடுக்கோட்டையும் தாண்டிவிட வேண்டும். மிச்ச நேரத்துக்குள் எதிரணி எப்படி நிற்கிறது, நம் ஆட்களில் யாருக்குக் கை சூடாக இருக்கிறது, யாருக்கு நீண்ட நேரமாகப் பந்தே போகவில்லை, எதிரணியில் யாருக்கு ஃபவுல் கூடியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, எந்த ஆட்டமுறையை அழைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எடுத்துக்கொண்டே, தன்மேல் ஒட்டிநிற்கும் ஒருவரிடமிருந்து பந்தைக் காக்கவும் வேண்டும்.

இந்த வேலையின் உரைகல், ‘பிக் அண்ட் ரோல்’. உயரமான சக வீரர் ஒருவர் வந்து, பாயிண்ட் கார்டைக் காவல்காப்பவரின் வழியை மறித்து நிற்பார். அதற்குப் பெயர் ஸ்கிரீன். பாயிண்ட் கார்டு அவரை உரசினாற்போல் டிரிப்பிள் செய்துகொண்டு போவார். ஸ்கிரீன் போட்டவர் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் எதிரணி இதை எப்படித் தடுக்கிறது என்பதைக் கவனித்தால், அந்தப் பாயிண்ட் கார்டின் குறை என்னவென்று அவர்கள் கணித்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடும். தூரத்திலிருந்து எறியத் தெரியாதவர் என்றால், காவல்காரர் ஸ்கிரீனுக்குப் பின்பக்கமாகப் புகுந்து கூடை அருகே காத்திருப்பார். நெருக்கினால் பந்தை விடுகிறவர் என்றால் இரண்டு பேர் சேர்ந்து பாய்வார்கள். உயரம் குறைந்தவர் என்றால் ஆளை மாற்றிக்கொண்டு, நெடியவர் ஒருவரை அவர் முன்னால் நிறுத்துவார்கள். ஒரு நல்ல பயிற்சியாளர் எதிரணியின் கண்ணால் தன் பாயிண்ட் கார்டைப் பார்க்கப் பழக வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசிஸ்ட் என்பது கூடையில் விழுந்த பந்துக்கு முந்தைய பாஸை மட்டும் கணக்கில் எடுக்கிறது. தடுப்பை உடைத்த பாஸ் அதற்கும் முந்தையதாக இருந்தால், அதைக் கொடுத்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. அருமையான பாஸை வாங்கியவர் தவறவிட்டாலும் வராது. ஸ்டீல் என்பது பறித்த பந்தை எண்ணும்; பறிக்கப் பாய்ந்து ஏமாந்து, பின்னால் இருப்பவர்களைத் திண்டாடவிட்ட தருணங்களை எண்ணாது. எண்களைப் படியுங்கள், ஆனால் எண் எதை விட்டுவிட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி ஆட்களுக்கு வருவோம். மூன்று ஜோடிகளாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஜோடி மேஜிக் ஜான்சனும் ஜான் ஸ்டாக்டனும். ஒருவர் 6 அடி 9 அங்குலம், மற்றவர் 6 அடி 1 அங்குலம். 1979இல் மேஜிக் ஜான்சன் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு வந்தபோது அவ்வளவு உயரமானவர் பாயிண்ட் கார்டாக ஆடுவது வழக்கத்தில் இல்லை. முதல் ஆண்டிலேயே, 1980 இறுதித் தொடரின் 6ஆவது ஆட்டத்தில், காயம்பட்ட கரீம் அப்துல் ஜப்பாருக்குப் பதிலாக சென்டராக இறங்கினார். வயது 20. 42 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள், 7 அசிஸ்ட்டுகள் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அதையும் சேர்த்து ஐந்து கோப்பைகள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 11.2 அசிஸ்ட் என்ற அவருடைய கணக்கை என்.பி.ஏ.வில் யாரும் தாண்டவில்லை. எதிரே நிற்பவரின் தலைக்கு மேலாக முழுக் களத்தையும் பார்க்கும் வசதி அவருக்கு இருந்தது. ரீபவுண்டைத் தானே பிடித்து, யாருக்கும் கொடுக்காமல் தானே ஓடத் தொடங்குவார். எதிரணி திரும்பி நிற்பதற்குள் பந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கும்.

அவருக்கும் குறைகள் இருந்தன. குட்டையான, வேகமான கார்டுகளை அவரால் பின்தொடர முடியாது. தூர எறிதலும் ஆரம்ப ஆண்டுகளில் இல்லை. 1984 இறுதித் தொடரில் பாஸ்டனுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் அவர் தடுமாறியதை அமெரிக்கப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. லேக்கர்ஸ் என்ன செய்தது? எதிரணியின் ஆபத்தான வெளிவட்ட வீரர்களைக் காக்க மைக்கேல் கூப்பர் இருந்தார். 1987இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவர் அவர். அதாவது, மேஜிக்கின் தடுப்புக் குறையை மூட ஒரு நல்ல தடுப்பாட்டக்காரர் போதுமானவராக இருந்தார். எறிதலை அவரே சரிசெய்துகொண்டார். 1987 இறுதித் தொடரின் 4ஆவது ஆட்டத்தில், பாஸ்டன் மண்ணில், கரீமிடம் கண்டு கற்ற ஹூக் எறிதலால் வெற்றிப் புள்ளிகளை எடுத்தார். 1988–89 பருவத்தில் ஃப்ரீ த்ரோவில் லீகிலேயே முதலிடம். அடுத்த பருவத்தில் மூன்று புள்ளி எறிதல்கள் நூற்றுக்கும் மேல். பத்தாண்டு ஆடி முடித்த பிறகும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட வீரர் அவர். அவரையும் கட்டுப்படுத்த வழி இருந்தது என்பதை 1991இல் சிகாகோ காட்டியது. நீண்ட கைகளும் வேகக் கால்களும் கொண்ட ஸ்காட்டி பிப்பன் களம் முழுவதும் அவரைத் துரத்தினார். ஐந்தே ஆட்டங்களில் தொடர் முடிந்தது. ஆனால் பிப்பன் போன்ற ஒருவர் எத்தனை அணிகளில் இருந்தார்?

ஸ்டாக்டனின் கதை வேறு. 1984 டிராஃப்டில் 16ஆவது ஆளாக யூட்டா ஜாஸ் அணி அவரை எடுத்தது. 19 பருவங்களையும் அங்கேயே ஆடி முடித்தார். 19 பருவங்களில் அவர் தவறவிட்ட ஆட்டங்கள் வெறும் 22. மொத்தம் 15,806 அசிஸ்ட், 3,265 ஸ்டீல். இரண்டிலும் இன்றுவரை அவரே முதல்வர். அசிஸ்ட்டில் இரண்டாம் இடத்திலுள்ள கிறிஸ் பால் 13,000ஐக்கூடத் தொடவில்லை. கார்ல் மலோனுடன் சேர்ந்து அவர் ஆடிய பிக் அண்ட் ரோல் எதிரணிகள் எல்லாவற்றுக்கும் மனப்பாடம். என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லை. பந்தைக் கொடுக்கும் கணத்தை அவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுத்தார். காவல்காரரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

ஸ்டாக்டனின் குறை என்று எதைச் சொல்வது? தானே எறிவதில் அவர் காட்டிய சிக்கனத்தைத்தான் சொல்வேன். எறிந்த பந்துகளில் பாதிக்கும் மேல் கூடையில் விழுந்தன. அப்படிப்பட்டவரின் ஆட்டச் சராசரி 13.1 புள்ளிகள்தான். 1997 மேற்குப் பிரிவு இறுதியில் கடைசி நொடியில் மூன்று புள்ளி எறிந்து அணியைக் கோப்பைப் போட்டிக்குக் கொண்டுபோனவர் அவர். அந்தத் துணிச்சல் அவரிடம் இல்லாமல் இல்லை. மற்றவருக்குக் கொடுப்பதே முதல் வேலை என்று நம்பினார். 1997, 1998 என இரண்டு இறுதித் தொடர்களில் சிகாகோவிடம் யூட்டா தோற்றது. இறுக்கமான கடைசி நிமிடங்களில் புள்ளிகளின் சுமை பெரும்பாலும் மலோன் தோளில் விழுந்தது. அதுதான் அந்த அணி கொடுத்த விலை. ஆனால் 19 ஆண்டு நம்பகத்தன்மைக்கு அந்த விலை மலிவு என்றே நான் சொல்வேன்.

இங்கே வீராங்கனைகள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். ஸ்டாக்டனின் வழியில் ஆடிய பெண் பாயிண்ட் கார்டு யார் என்று கேட்டால் சூ பேர்டைச் சொல்வேன். டபிள்யூ.என்.பி.ஏ.வில் சியாட்டில் ஸ்டார்ம் அணிக்காக மட்டுமே ஆடி நான்கு கோப்பைகள், அமெரிக்காவுக்காக ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள். 3,234 அசிஸ்ட்டுகளோடு அந்த லீகில் முதலிடம். உயரத்தாலும் பாய்ச்சலாலும் யாரையும் மிரட்டியவர் அல்லர். உடல் வேகம் குறைந்த பிறகு, நாற்பது வயதை நெருங்கும்போதும், கண்ணின் வேகத்தால் ஆடினார்.

இரண்டாவது ஜோடி, ஜேசன் கிட்டும் ஸ்டீவ் நாஷும். இவர்கள் இருவரும் 1990களின் பிற்பகுதியில் பீனிக்ஸ் சன்ஸ் அணியில் ஒன்றாக இருந்தவர்கள். அதே அணியில் கெவின் ஜான்சனும் இருந்ததால், நாஷ் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். பின்னாளில் இருவரும் தனித்தனியே செய்த அற்புதம் ஒன்றே. கிட் வருவதற்கு முந்தைய பருவத்தில் நியூ ஜெர்சி நெட்ஸ் பெற்ற வெற்றிகள் 26. அவர் வந்த 2001–02 பருவத்தில் 52. நாஷ் திரும்பி வருவதற்கு முந்தைய பருவத்தில் பீனிக்ஸ் பெற்ற வெற்றிகள் 29. அவர் திரும்பி வந்த 2004–05 பருவத்தில் 62. இரண்டு அணிகளிலும் வேறு மாற்றங்களும் நடந்தன. ஆனாலும் ஒரு பாயிண்ட் கார்டு மற்ற நால்வரின் தரத்தை எவ்வளவு உயர்த்த முடியும் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று கிடைக்காது.

இருவரும் எதிரெதிர் துருவங்கள். 6 அடி 4 அங்குல உயரமுள்ள கிட் தடுப்பாட்டத்தில் அசகாயசூரர். லீகின் தடுப்பாட்ட அணிகளில் ஒன்பது முறை இடம்பெற்றவர். ரீபவுண்டைப் பிடித்த மறுகணம் முன்னால் ஓடுகிறவர்களுக்குப் பந்து போய்ச் சேரும். அவருடைய குறை, எறிதல். நெட்ஸ் அணி 2002, 2003 ஆண்டுகளில் அடுத்தடுத்து இறுதித் தொடருக்குப் போனது. அங்கே ஓட்டம் நின்று, களத்தின் ஒரு பாதியிலேயே ஆட்டம் நடந்தபோது, கிட்டை எறியவிட்டுவிட்டு மற்றவர்களை அடைப்பது எதிரணிக்கு வசதியாக இருந்தது. இரண்டு முறையும் நெட்ஸ் தோற்றது.

நாஷ் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து கனடாவின் விக்டோரியாவில் வளர்ந்தவர். அப்பா கால்பந்து வீரர். கூடைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டாலும் டிரிப்பிளை நிறுத்தாமல், எண்ட் லைனை ஒட்டி நழுவி மறுபக்கம் வெளியே வருவார். அந்த இரண்டு, மூன்று நொடிகளில் தடுப்பு குலைந்து யாராவது ஒருவர் தனியாக நிற்பார்; பந்து அவருக்குப் போகும். களத்திலிருந்து 50 சதவீதம், மூன்று புள்ளியில் 40 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதம் என்ற கடினமான எல்லையை நான்கு பருவங்களில் தொட்டார். ஃப்ரீ த்ரோவில் அவருடைய வாழ்நாள் விகிதம் 90.4. பயிற்சியாளர் மைக் டான்டோனி பந்து கிடைத்ததும் விரைந்து எறியும் ஆட்டமுறையைக் கொடுத்தார். அதே 2004–05 பருவத்தில், வெளிவட்டத்தில் கையால் பிடித்து நிறுத்தும் தடுப்பை லீக் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கியது. நாஷ் 2005, 2006 ஆண்டுகளில் மதிப்புமிக்க வீரர் விருதைத் தொடர்ந்து பெற்றார்.

ஆனால் தடுப்பாட்டத்தில் அவர் பின்தங்கினார். முயற்சிக்குப் பஞ்சமில்லை. முதுகு வலியோடு, பெஞ்சுக்கு அருகே தரையில் படுத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்த மனிதர் அவர். உடல் இடம்கொடுக்கவில்லை. சான் அன்டோனியோவின் டோனி பார்க்கர் போன்ற மின்னல்வேகக் கார்டுகள் அவரைக் கடந்தால், பின்னால் நிற்கும் பெரியவர்கள் உதவிக்கு வர வேண்டும்; வந்தால் அவர்கள் காவல்காத்த ஆள் தனியாக நிற்பார். மேஜிக்குக்கு ஒரு கூப்பர் போதுமானதாக இருந்தது. நாஷின் குறையை மூட முழு அணியின் தடுப்பும் இடம்பெயர வேண்டியிருந்தது. மிகச் சிறந்த தாக்குதல் அணியை நடத்திய நாஷ் ஓர் இறுதித் தொடரில்கூட ஆடாமலே ஓய்வுபெற்றார். காயங்களும் தண்டனைத் தடைகளும் எதிர்பாராமல் குறுக்கே வந்தன என்பது உண்மை. அந்த விலையும் ஒரு காரணம் என்பதையும் மறுக்க முடியாது.

கிட் என்ன ஆனார் என்பதைக் கேளுங்கள். முதல் பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 27 மட்டுமே கூடையில் போட்டவர், 2009–10 பருவத்தில் நூற்றுக்கு 42 போட்டார். ஓய்வுபெறும்போது, மொத்த மூன்று புள்ளி எறிதல்களில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே மூன்றாம் இடத்தில் இருந்தார். 2011இல் டல்லாஸ் அணி மயாமியை வீழ்த்திக் கோப்பை வென்றபோது அவருக்கு வயது 38. அந்த அணியில் அவர் மூலையில் நின்று எறிந்தார். எதிரணியின் பெரிய வீரர்களைக் காவல்காத்தார். பழைய வேகம் போயிருந்தது. பழைய குறையும் போயிருந்தது. இந்த அவையிலிருந்து ஒரே ஒரு செய்தியைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போக முடியும் என்றால், பிள்ளைகளே, இதை எடுத்துப்போங்கள்.

மூன்றாவது ஜோடி, கிறிஸ் பாலும் ஸ்டீபன் கர்ரியும். பந்தைப் பத்திரமாக வைத்திருப்பதில் பாலுக்கு நிகர் அரிது. 6 அடி உயரம். ஆட்டத்தின் வேகத்தைத் தன் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவர். காவல்காரரை முதுகுக்குப் பின்னால் மாட்டவைத்து, ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் நின்று நிதானமாக எறிவார். ஸ்டீலில் ஆறு பருவங்களில் முதலிடம். 2021 மேற்குப் பிரிவு இறுதியின் 6ஆவது ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்தார். ஒரு டர்ன்ஓவர்கூட இல்லை.

அவருடைய குறைகள் இரண்டு. ஒன்று, உடல். 2018இல் ஹூஸ்டன் அணி கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 3–2 என்று முன்னிலை பெற்ற பிறகு, தொடைத் தசைக் காயத்தால் அவரால் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஆட முடியவில்லை. அணி இரண்டிலும் தோற்றது. மற்றொன்று, அவருடைய பலத்திலேயே ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் தன் கையில் வைத்து நிதானமாக நடத்தும் ஆட்டத்தில் மற்றவர்கள் காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள். அவர் தளர்ந்த நாளில் அணிக்கு வேறு வழி தெரிவதில்லை. 2021இல் தனது ஒரே இறுதித் தொடரில் பீனிக்ஸ் அணிக்காக 2–0 என முன்னிலை பெற்றும், மில்வாக்கியிடம் 4–2 என்று இழந்தார்.

கர்ரி நேர்மாறானவர். பந்து கையில் இல்லாதபோதும் ஆபத்தானவர். பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவார். ஸ்கிரீனைச் சுற்றி வருவார். அவர் எங்கே போனாலும் இரண்டு பேர் கூடவே இழுபடுவார்கள். அந்த இழுப்பினால் கூடையடியில் தனியாக நிற்கும் சக வீரருக்கு எளிய புள்ளி கிடைக்கும். அந்த அசிஸ்ட் வேறொருவர் கணக்கில் எழுதப்படும். 2015–16 பருவத்தில் மட்டும் 402 மூன்று புள்ளி எறிதல்கள். அந்த ஆண்டு மதிப்புமிக்க வீரர் விருதுக்கு எல்லா வாக்குகளையும் பெற்ற முதல் வீரர். 2025 மார்ச்சில், மூன்று புள்ளியில் 4,000ஐத் தொட்ட முதல் வீரர். நான்கு கோப்பைகள்.

கர்ரியின் கையில் பந்து பாலிடம் இருப்பதுபோலப் பத்திரமாக இருக்காது. 2016 இறுதித் தொடரின் 7ஆவது ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதியில், முதுகுக்குப் பின்னாலிருந்து எறிந்த பாஸ் ஒன்று நேராக வெளியே போனது. அதே ஆட்டத்தில் 53 நொடிகள் மிச்சமிருக்கையில், ஆள்மாற்றத்தில் தனக்கு எதிரே வந்து நின்ற கர்ரியின் தலைக்கு மேலாக எதிரணியின் கைரி இர்விங் மூன்று புள்ளி எறிந்தார். அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்ற கர்ரியின் கோல்டன் ஸ்டேட் அணி அந்தக் கோப்பையை இழந்தது. அதன்பிறகு எதிரணிகள் திரும்பத் திரும்ப ஸ்கிரீன் போட்டு கர்ரியைத் தேடிப்பிடித்தன. அணி என்ன செய்தது? எதிரணியின் சிறந்த கார்டை கிளே தாம்சன் ஏற்றுக்கொண்டார். பின்னால் டிரேமண்ட் கிரீன் எல்லா ஓட்டைகளையும் அடைத்தார். அந்த இருவருமே தாக்குதலில் கர்ரியோடு கச்சிதமாகப் பொருந்தினார்கள். ஆகவே விலை கட்டுப்படியானது. கர்ரியும் சும்மா இருக்கவில்லை. உடலை வலுவாக்கிக்கொண்டு வந்து, 2022 இறுதித் தொடரில் பாஸ்டனுக்கு எதிராக நின்று காத்தார். 4ஆவது ஆட்டத்தில் 43 புள்ளிகள் எடுத்தார். அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார்.

ஜோடியில் சேராத ஒருவரையும் சொல்லியாக வேண்டும்: ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். 2016–17 பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரி 31.6 புள்ளிகள், 10.7 ரீபவுண்டுகள், 10.4 அசிஸ்ட்டுகள். மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி என்பது 1961–62இல் ஆஸ்கர் ராபர்ட்சன் செய்ததற்குப் பிறகு அதுவரை யாராலும் முடியாதிருந்தது. அவரைப் போல ஒவ்வோர் ஆட்டத்திலும் உடலை முழுதாகச் செலவழித்த பாயிண்ட் கார்டு அபூர்வம். முந்தைய கோடையில் கெவின் டுரான்ட் விட்டுப்போன அணியை அவர் தனியாளாகத் தூக்கி நிறுத்தினார் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்த ஆண்டு பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே ஹூஸ்டனிடம் 4–1 என்று அணி வீழ்ந்தது. தொடரின் 2ஆவது ஆட்டத்தில் 51 புள்ளிகள் எடுத்த அவர், கடைசிக் கால்பகுதியில் 18 முறை எறிந்து நான்கு முறைதான் கூடையைக் கண்டார். தூர எறிதல் அவருக்குக் கைகூடவில்லை. காவல்காரர் நான்கு அடி தள்ளி நிற்கிறார். அந்த நான்கு அடி மற்றவர்களின் வழியையும் அடைக்கிறது. 2021–22இல் அவர் லேக்கர்ஸ் அணிக்குப் போனபோது அந்த நெரிசல் வெட்டவெளிச்சமானது. 33 வெற்றி, 49 தோல்வியோடு அந்த அணி பிளேஆஃபுக்கே தகுதிபெறவில்லை. தோல்விக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆனால் பந்து அவர் கையில் இல்லாதபோது அவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அந்த அணியிடம் விடை இல்லாமல் போனது.

இவர்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், குறைகள் மூன்று வகை என்று தெரிகிறது. உழைப்பால் தீரும் குறை ஒன்று: கிட்டின் எறிதல், மேஜிக்கின் தூர எறிதல். சரியான ஓரிருவரைப் பக்கத்தில் வைத்தால் மறையும் குறை மற்றொன்று: மேஜிக்கின், கர்ரியின் தடுப்பாட்டம். மூன்றாவது, அணி முழுவதும் வளைந்துகொடுத்தால் மட்டுமே சமாளிக்கக்கூடிய குறை: நாஷின் தடுப்பாட்டம், வெஸ்ட்புரூக்கின் எறிதல். முதல் வகைக்குப் பொறுப்பு வீரர். இரண்டாவதற்குப் பொறுப்பு அணியைத் தேர்ந்தெடுப்பவர். மூன்றாவதோடு ஒருவர் அழகாக ஆடலாம், விருதுகள் வாங்கலாம்; கடைசித் தொடரில் எதிரணி அதைத் தேடி வந்தே தீரும்.

இந்தத் தராசில் என் தீர்ப்பைச் சொல்கிறேன். மேஜிக் ஜான்சன் முதலிடம். அவர் தந்த பலன் மிகப் பெரியது. அவர் குறைக்கான விலை மிகச் சிறியது. இரண்டாமிடம் கர்ரிக்கு. பந்தைத் தொடாமலேயே சக வீரர்களுக்கு வழி திறந்தவர் அவரைப்போல் இன்னொருவர் இல்லை. மூன்றாமிடம் ஸ்டாக்டன், இடைவிடாத 19 ஆண்டுகளுக்காக. பாலுக்கும் கிட்டுக்கும் நான்காமிடத்தைப் பகிர்ந்து தருவேன். நாஷ் அவர்களுக்கு அடுத்து வருகிறார். தாக்குதல் மட்டுமே ஆட்டம் என்றிருந்தால் அவரை முதல் இரண்டு இடங்களுக்குள் வைத்திருப்பேன். வேறு வரிசை வைத்திருப்பவர்கள் தாராளமாக வாதிடலாம். விலை என்ன, யார் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாதிடுங்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அணியிலேயே குட்டையான பிள்ளையைப் பாயிண்ட் கார்டாகவும், நெடிய பிள்ளையைக் கூடைக்கு அடியிலும் நிறுத்திவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். பின்னாளில் 6 அடி 9 அங்குலம் வளர்ந்த பையனிடம் யாரோ ஒருவர் சிறுவயதில் பந்தைக் கொடுத்ததால்தான் உலகத்துக்கு மேஜிக் ஜான்சன் கிடைத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் யார் எவ்வளவு வளர்வார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. எல்லோருக்கும் டிரிப்பிள் கற்றுக்கொடுங்கள். எல்லோரையும் பிக் அண்ட் ரோலில் இரண்டு வேடத்திலும் ஆடவையுங்கள். யாருடைய கண் களம் முழுவதையும் பார்க்கிறது என்பதை அப்போது கண்டுகொள்வீர்கள்.

பாயிண்ட் கார்டாக ஆடும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் குறை என்னவென்று எதிரணி கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடியுங்கள். அதைக் கூச்சமில்லாமல் உடன் ஆடும் நால்வரிடமும் சொல்லுங்கள். எந்தப் பக்கம் உதவி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். பிறகு அந்த ஒரு குறையை எடுத்துக்கொண்டு பருவம் முழுவதும் உழையுங்கள். கிட்டுக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது. நீங்கள் இன்று மாலைப் பயிற்சியிலேயே தொடங்கலாம்.